பெயர் எழுதப்படாத முகங்கள்

நிழற்படக் கலையின் முன்னோடிகளைப் போற்றுவோர் ஜூலியா மார்கரெட் கேமரனை மறப்பதில்லை. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், 48ஆம் அகவையில், மகளும் மருமகனும் பரிசளித்த கருவியோடு இக்கலையில் இறங்கியவர். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன், எதிரே அமர்ந்தவரை நிமிடக்கணக்கில் அசையாதிருக்கச் செய்து எடுத்த படங்கள் அவை. தெளிவில்லை என்று அந்நாளைய திறனாய்வாளர் நகைத்தனர். நாம் நகையோம். டார்வினையும் டென்னிசனையும் உயிரோடு நம்முன் நிறுத்துவது அந்த மங்கலன்றோ!

1875இல் அவர் இலங்கையில் குடியேறினார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்கு எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் காணும் பலர், தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தோட்டத் தொழிலாளர் என்பர் ஆய்வாளர். அழகிய படங்கள்தாம், ஐயமில்லை. ஆனால் படத்தின் தலைப்பு? ‘களுத்துறை உழவர் குழு’ என்கிறது ஒன்று. ஊர் உண்டு, தொழில் உண்டு, பெயர் எங்கே?

ஏழைகளின் பெயரை அக்காலத்தில் யார் குறித்தனர் என்று வாதிடுவோர் உளர். இங்கிலாந்தில் கேமரனின் வீட்டுப் பணிப்பெண்ணாய் இருந்த மேரி ஹில்லியர், அன்னை மரியாளாக அவர் படங்களில் பலமுறை தோன்றினார். பணிப்பெண்தான், எனினும் பெயர் நிலைத்துவிட்டது! ஏழைமை மட்டுமே காரணமாயின், அவர் பெயரும் அன்றே அழிந்திருக்க வேண்டுமே? ஆளும் நாட்டு ஏழைக்கு ஒரு நீதி, ஆளப்பட்ட நாட்டு ஏழைக்கு வேறொரு நீதி.

இதற்கு ஓவியர் மரியான் நார்த்தின் நினைவுக் குறிப்புகளே சான்று. 1877இல் களுத்துறையில் கேமரனின் விருந்தினராய் இருந்தவர் அவர். உள்ளூர் மனிதர் ஒருவரின் முதுகழகில் மயங்கிய கேமரன், அவரைத் தோட்டக்காரராய் வைத்துக்கொள்ளுமாறு மகனை வற்புறுத்தினாராம். வீட்டிலோ தோட்டமே இல்லை! முதுகைப் புகழ்ந்த குறிப்பு அச்சேறிவிட்டது. முதுகுக்குரியவர் யாரென்று ஒரு சொல் இல்லை.

சேலையூர்ப் பக்கத்து எளிய வீடொன்றில் நுழைந்து பாருங்கள். சுவரில் மாலையிட்ட பாட்டியின் படம். கீழே பெயர், தோற்றம், மறைவு. கலைநயம் குறைந்த படமாயிருக்கலாம். எனினும் அங்கே இருப்பவர் ஒரு மனிதர், மாதிரிப் பொருளன்று.

கேமரனின் கலையைக் குறைத்து மதிப்பிடுமாறு நாம் கேட்கவில்லை. அப்படங்களை மாட்டும் காட்சியகங்கள், ‘இவர்களின் பெயரை எடுத்தவர் எழுதிவைக்கவில்லை’ என்ற ஒரு வரியையும் அடியில் பொறிக்கட்டும்.