சுருக்கங்களும் யதார்த்தமும்: உரோமப் பளிங்கு உருவச்சிலைகள் பற்றிய ஒரு குறிப்பு

உரோமக் குடியரசின் இறுதிக்காலத்து (கி.மு. 1ஆம் நூற்றாண்டு) உருவச்சிலைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் யதார்த்தம் என்ற சொல்லிலேயே வந்து நிற்பர். வழுக்கைத் தலை, ஒட்டிய கன்னம், நெற்றியில் ஆழப்பதிந்த கோடுகள் ஆகியன மறைக்கப்படாது பளிங்கிற் செதுக்கப்பட்டிருப்பதே அவர்கள் காட்டும் சான்று. இம்முடிபினை நாம் அவ்வாறே ஏற்றல் இயலாது.

உயர்பதவி வகித்த முன்னோரின் மெழுகு முகங்களை வீட்டு நடுக்கூடத்தில் பேணுவதும், இழவு ஊர்வலத்திலே அவற்றை அணிவித்து ஆட்களை நடத்துவதும் உரோம உயர்குடியினரின் வழக்கு. கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான பொலிபியஸ் இதனை வருணித்துள்ளார். 'பார்பெரினி தோகாதுஸ்' என வழங்கும் பளிங்குச் சிலை, முன்னோர் இருவரின் தலைச்சிலைகளை ஏந்தி நிற்கும் ஒருவரைக் காட்டுகின்றது. (அச்சிலையின் தலையே பிற்காலத்திற் பொருத்தப்பட்ட வேறொரு பழந்தலை என்பது சுவையானதொரு செய்தி.) இங்கு முதுமை வெறும் உடல்நிலையன்று, பதவியும் நிலமும் சில குடும்பங்களுக்கே உரியன என்பதற்கான உரிமைச்சாசனமாகும்.

ஒகஸ்தஸின் சிலைகளை நோக்கின் இது தெளிவாகும். கி.பி. 14இல் ஏறத்தாழ 76 வயதில் இறந்த அப்பேரரசர், 1863இற் கண்டெடுக்கப்பட்ட பிரிமா போர்த்தாச் சிலையில் மட்டுமன்றி ஏனைய சிலைகளிலும் மூப்பறியாதவராகவே நிற்கிறார். கி.பி. 69இல், உள்நாட்டுப் போரினிடையே ஆட்சியேறிய வெஸ்பாசியன் வரிவசூலிப்போர் ஒருவரின் மகன். அவர் சிலைகளில் வழுக்கையும் சுருக்கங்களும் மீண்டன. ஆட்சியின் தேவைக்கேற்பப் போக்கவும் வருவிக்கவும் கூடியனவாகச் சுருக்கங்கள் இருந்தன என்க.

விவரங்களின் உண்மை மட்டும் யதார்த்தமாகாது என்பதை எங்கெல்ஸ் 1888இல் மார்கரெட் ஹார்க்னெஸ்ஸுக்கு எழுதிய கடிதத்தில் வற்புறுத்தினார். நாவலை முன்னிட்டு எழுந்த அக்கருத்தை நாவல் விமர்சகர்களே அடிக்கடி மறந்துவிடுகின்றனர். நாமும் அதற்கு விலக்கல்லேம். பேச்சுமொழியையும் கிழிந்த ஆடையையும் கண்டவுடன் யதார்த்தம் எனத் தீர்ப்பளிப்பது, நெற்றிக்கோடுகளை எண்ணி உரோமரை அளவிடுவது போன்றதே.

உரோமின் போர்த்தா மஜ்ஜோரே வாயிலருகே, விடுதலைபெற்ற அடிமை எனக் கருதப்படும் யூரிசாசெஸ் என்னும் பாண் உற்பத்தியாளரின் கல்லறை உள்ளது. அக்கல்லறைக்குரியதெனக் கொள்ளப்படும் உருவச்சிற்பத்தில் அவரும் மனைவியும் உயர்குடியினரைப் போன்றே உடுத்து நிற்கின்றனர். கல்லறையின் மேற்பகுதிச் சிற்ப வரிசையிலோ தானியம் அரைபடுகிறது, மா பிசைபடுகிறது, பாண் நிறுக்கப்படுகிறது. உழைப்போரின் முகங்கள் தனித்தனியே அடையாளங்காணத் தக்கனவல்ல. ஆயினும் யார் பிசைகிறார், தோகா அணிந்து யார் பார்த்து நிற்கிறார் என்பதில் மட்டும் எவ்வித ஐயத்துக்கும் இடமில்லை.