புள்ளி குறுக்கே நிற்கும் இடம்

புணே நகரின் கராடியில் எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்கு ஒன்பது வயது. போன மழைக்காலத்தில் கரண்ட் போன ஒரு மாலையில், மாடிப்படியில் உட்கார்ந்தபடி எனக்கு ஒரு மராத்தி வாக்கியம் சொல்லிக் கொடுத்தான். "ராமாலா பாலா மாரா." ராமனை ஈட்டியால் அடி என்று பொருள். கடைசியிலிருந்து படித்தாலும் அதே வாக்கியம். அடுத்தது, "தீ ஹோடீ ஜாடீ ஹோதீ." அந்தப் படகு தடியாக இருந்தது. இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லாருக்கும் இவை தெரியும். நான் என் பங்குக்கு "தேரு வருதே", "மாடு சாடுமா", "மோரு போருமோ" மூன்றையும் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. "காகா, நம்ம ஊர் பேரில் ஒன்று சொல்லுங்கள்" என்றான். (காகா என்றால் சித்தப்பா. அதைத் திருப்பினாலும் காகாதான்.)

காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். க, ரா, டி. திருப்பி ஒட்டினால் "கராடி ராக". இன்னும் ஓரெழுத்து கிடைத்தால் "கராடி ராகம்". ஆனால் அந்த ம் வந்தால், மறுமுனையிலும் ஒரு ம் வர வேண்டும். "ம்கராடி" என்று தமிழில் எந்த வாக்கியமும் தொடங்காது. நான் யோசித்துக் கொண்டிருக்கும்போதே பையன் அதே ஐந்தெழுத்தைத் தேவநாகரியில் எழுதி "கராடி ராக்" என்று படித்துவிட்டான். "ராக்" என்றால் மராத்தியில் "காப்பாற்று". கராடியைக் காத்துக்கொள்! எழுத்து எண்ணிக்கையில் அப்பழுக்கில்லாத வாக்கியம். அதே எழுத்துகளில் எனக்கு வராதது அவனுக்கு எப்படி வந்தது? இருபக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றின் பலமும் பலவீனமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கின்றன.

மராத்தியைத் தேவநாகரியில் எழுதும்போது சொல்லின் கடைசியில் நிற்கும் மெய்யொலிக்குத் தனி அடையாளம் போடுவதில்லை. உச்சரிப்பில் "ராக்", எழுத்தில் "ராக". காதுக்குக் கேட்கும் மெய், கண்ணுக்குத் தெரிவதில்லை. கூட்டெழுத்தையும் ஒரே எழுத்தாக எண்ணிக்கொள்வார்கள். தமிழ் அப்படி மறைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு மெய்க்கும் தலையில் புள்ளி வைத்துத் தனி எழுத்தாக எண்ணுகிறது. அந்தப் புள்ளியெழுத்துக்கு நம் இலக்கணம் கடுமையான ஒழுங்கு வகுத்திருக்கிறது. அது சொல்லின் முதலில் வராது. எந்த மெய்க்குப் பின் எது வரலாம் என்பதும் வரையறுத்தது. "குடந்தை"யைத் திருப்பினால் "தைந்டகு". ந் பக்கத்தில் ட என்பது தமிழ் வாயில் நுழையாத சேர்க்கை. "பாம்பு" திரும்பினால் "பும்பா". ஒலி சரியாக இருக்கிறது, பொருள் இல்லை. புள்ளிக்கு இருபுறமும் ஒரே எழுத்து நின்றால் மட்டும் கவலையில்லை: தாத்தா, பாப்பா, காக்கா, கற்க, தந்த. குழந்தை முதலில் கற்கும் சொற்களில் சில இந்த வகையில் சேர்வது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

இதன் விளைவு பெரியது. நம் வினைமுற்றுகளை எண்ணிப் பாருங்கள். வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார், வரும். எல்லாம் புள்ளியில் முடிகின்றன. நான், அவன், அவள், அவர் என்று யாரைப் பற்றியும் கதை சொல்வது மாலைமாற்றில் கிட்டத்தட்ட அடைபட்ட வழி. திறந்திருப்பவை அழைப்பு, கேள்வி, வியப்பு, கட்டளை. "மாறுமா?" "தேடாதே!" "தேரு வருதே!" ஆ, ஏ, ஓ என்ற இடைச்சொற்கள் வந்து ஒட்டுவதால் இவை உயிரொலியில் முடிகின்றன, முதலெழுத்தோடு கை கோக்கின்றன. தமிழில் நன்றாக அமைந்த இருவழிச் சொற்றொடர்களில் பெரும்பாலானவை யாரையோ பார்த்துப் பேசுபவையாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகத்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 7ஆம் நூற்றாண்டு, சீர்காழி இறைவன்மேல் பாடியது, மூன்றாம் திருமுறையில் 117ஆவது பதிகம், 11 பாட்டு. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டாம் அடி முதலடியின் தலைகீழ். முதல் பாட்டை விரல் விட்டு எண்ணினேன். 28 எழுத்து. இருபத்தெட்டும் நெடில். ஒரு புள்ளிகூட இல்லை. கடைசிப் பாட்டில் குறில்கள் வருகின்றன, அங்கும் புள்ளி கிடையாது. அவர் இறைவனை அழைக்கிறார். தமிழில் அழைத்தால் பெயரின் கடைசிப் புள்ளி தானே உதிர்ந்துவிடும். நாதன் நாதா ஆவான், இறைவன் இறைவா ஆவான். ஒரு பெயரைப் புள்ளியிலிருந்து விடுவிக்க விளிவேற்றுமையைவிட இயல்பான வழி தமிழில் இல்லை. பக்தியின் இலக்கணமும் மாலைமாற்றின் தேவையும் ஒரே இடத்தில் சந்தித்திருக்கின்றன. நெடிலாகவே தொடர்வதால் ஓதும்போது அது நீண்டு ஒலிக்கிறது. ஓதுவார் குரலில் கேட்கிறவனுக்குப் பொருள் எட்டாமல் போனாலும் ஒலி எட்டிவிடும்.

பொருள் எட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உரையாசிரியர் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பாட்டுகளில் ஓரடிகூட எனக்குப் பிரிபடவில்லை. சொற்களை எங்கே பிரிப்பது என்பதே உரையைப் பொறுத்தது. சம்பந்தரின் மற்றப் பதிகங்களில் மழையும் மந்தியும் வயலும் கண்முன் வந்து நிற்கும். இங்கே வந்து நிற்பது எழுத்து மட்டும். தண்டியலங்காரம் மாலைமாற்றை மிறைக்கவிகளோடு சேர்த்துச் சொல்கிறது. மிறை என்றால் வருத்தம். சரியான பெயர். ஆனால் அந்த வருத்தம் எழுதியவனோடு நிற்காமல் படிப்பவன் தலையிலும் இறங்குகிறது என்பதே இந்தக் கலைமேல் என் முதல் குற்றச்சாட்டு.

வடமொழியில் இதைவிடத் துணிச்சலான முயற்சிகள் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் கோதாவரிக் கரைப் பார்த்தபுரத்தில் வாழ்ந்த சூரியதாசர், பாஸ்கரரின் லீலாவதிக்கு உரை எழுதிய கணித அறிஞர். அவரது ராமகிருஷ்ண விலோம காவியம் நேராகப் படித்தால் ராமன் கதை, தலைகீழாகப் படித்தால் கிருஷ்ணன் கதை. அடுத்த நூற்றாண்டில் காஞ்சிபுரம் பக்கத்து அரசாணிப்பாலை வேங்கடாத்வரி 30 சுலோகங்களில் ராகவயாதவீயம் செய்தார், அதே ஏற்பாட்டில். ஒரே சரத்தில் இரண்டு கதை என்பது மலைக்க வைக்கும் சாதனை. ஆனாலும் திரும்பி வரும் பாதையில் சொற்கள் நொண்டுகின்றன. அருஞ்சொற்களையும் ஓரெழுத்துச் சொற்களையும் ஊன்றிக்கொண்டுதான் நகர்கின்றன. கவிஞன் பாதிக் கதையை எழுதுகிறான், மீதியை எழுத்துகள் அவனுக்கு விதிக்கின்றன.

இந்த அளவுகோலில் வைத்தால் எனக்கு நீண்ட காவியத்தைவிட இரண்டெழுத்துதான் பெரிதாகத் தெரிகிறது. "வாசி" திரும்பினால் "சிவா". மூச்சுப் பயிற்சியை வாசி என்று சொல்லும் சித்தர் மரபு இதை வெறும் விளையாட்டாகப் பார்க்கவில்லை. "மரா மரா" என்று விடாமல் சொன்ன வேடன் வாயில் "ராம ராம" வந்த கதை நாடு முழுக்கத் தெரிந்தது. மதுரைக்காரர்கள் சொல்லும் வைகையின் கதை இன்னும் அழகு. தாகம் தீராத குண்டோதரனிடம் இறைவன் "வை கை" என்றார், அவன் கை வைத்த இடத்தில் ஆறு வந்தது. "வைகை" தலைகீழானால் "கைவை". இரண்டும் ஒரே கட்டளை! இவற்றுக்கு உரை வேண்டாம். கேட்ட கணத்தில் திறந்துகொள்கின்றன.

கராடியில் வேலை பார்க்கும் எங்களுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு முகமும் தெரியும். ஐடி பார்க்குகளில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கேட்கும் பழைய கேள்விகளில் ஒன்று, ஒரு சொல் இருபக்கமும் ஒன்றா என்று கண்டுபிடிக்க நிரல் எழுதச் சொல்வது. எல்லாரும் நான்கு வரியில் எழுதிவிடுவார்கள். அதே நிரலிடம் ஒருநாள் "விகடகவி"யைக் கொடுத்தேன். இல்லை என்றது. தெனாலிராமனின் பட்டத்தையே இல்லை என்கிறதே என்று திரையில் திருப்பிப் போடச் சொன்னேன். ஒட்ட இடம் இல்லாத ஒரு கொக்கி முன்னால் தொங்க, "ிவகடகிவ" என்று வந்தது. யூனிகோடில் "வி" ஓரெழுத்து அல்ல. வ ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. நமக்கு ஐந்தெழுத்தான விகடகவி எந்திரத்துக்கு ஏழு குறி. இதற்கு நேர்மாறாக "காக" என்று கொடுத்தால் சரி என்கிறது: க, கால், க. நமக்கு அது கா, க என்ற இரண்டெழுத்து, திருப்பினால் "ககா". கூட்டாகத் தெரிவதை ஒரே அலகாக எண்ணும் விதி யூனிகோடிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் விகடகவி பிழைத்துக்கொள்வார். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறி தரும் டேஸ்16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது; அதில் இந்தச் சிக்கலே எழாது. தமிழில் எழுத்து என்பது எது என்று ஒரு நிரலாளனை இவ்வளவு சீக்கிரம் யோசிக்க வைக்கும் சொல் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

பொது அறிவுப் புத்தகங்கள் இந்த இடத்தில் தவறான பாடம் நடத்துகின்றன. மலையாளம் என்ற பெயர் இருவழியும் ஒக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். ரோமன் எழுத்தில் மட்டும் அது உண்மை. ம, லை, யா, ள, ம் என்று எழுதிப் பார்த்தால் முதலுக்கும் கடைசிக்கும் நடுவே ஒரு புள்ளி நிற்கிறது.

இனி, தேருக்கு வருகிறேன். "தேரு வருதே" என்பதைத் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டினால் "தேர்" என்று திருத்துவார், வாக்கியம் செத்துப்போகும். "மோரு போருமோ"வில் "மோர்", "போதுமோ" என்று இரண்டு திருத்தம். ஏட்டுத் தமிழ் ஒப்பாத இந்த உகரத்தைப் பேச்சுத் தமிழ் நாள் முழுக்கச் சேர்க்கிறது. பாலு, கல்லு, கண்ணு, தேரு. நாக்கு புள்ளியில் முட்டி நிற்க விரும்பாமல் ஓர் உகரத்தைத் தொட்டுக்கொண்டு நகர்கிறது. சம்பந்தருக்கு விளி செய்த உதவியை நம் பாட்டிகளுக்கு இந்த உகரம் செய்திருக்கிறது. இதைப் பிழை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேடை ஏறும் புதிய மாலைமாற்றுகள் பல, அகராதியில் மட்டும் உயிரோடிருக்கும் சொற்களைத் தோண்டியெடுத்துப் பக்கம் பக்கமாக அடுக்குகின்றன. நீளம் கூடக் கூட யாரும் யாரிடமும் பேசாத மொழியாகிவிடுகிறது. மோர் விட்டுக்கொண்டே பாட்டி கேட்கக்கூடிய கேள்வி "மோரு போருமோ". அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றாதவருக்கும் அது முழு வாக்கியம்.

பையன் இப்போது தமிழெழுத்து கற்கிறான், என்னிடம் அல்ல, என் மனைவியிடம். போன வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். "தேர் வருதே" என்று எழுதியிருந்தான். பிறகு அவனே விரலால் பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வந்து, ர் மேல் நிறுத்தி, அந்தப் புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு ரு என்று மாற்றினான்.