கோயாவின் சூனியக்காரிகள்

பேயும் சூனியமும் தலைகாட்டும் கலையைப் பிற்போக்கென்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. ஸ்பானிய ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட ‘லோஸ் கப்ரிச்சோஸ்’ என்னும் தொகுதியைக் காண்போர் அப்பழக்கத்தைக் கைவிட நேரும். செப்புத் தகடுகளை அமிலத்தால் அரித்து அச்சிட்ட 80 ஓவியங்கள் அவை. துடைப்பத்தில் பறக்கும் கிழவி, கூடை நிறையச் சிசுக்களை வைத்திருக்கும் சூனியக்காரிகள் முதலியோர் அவற்றில் உலவுகின்றனர்.

சூனியத்தின் பெயரால் 1610இல் லொக்ரோஞோ நகரில் அறுவரை எரித்தது மதவிசாரணை மன்றம். அம்மன்றத்தின் கற்பனையிலிருந்த பேய்களையே கோயா எடுத்துக்கொண்டார். குருமாரையும் பிரபுக்களையும் அவற்றோடு சேர்த்து அமர்த்தினார். 52ஆம் ஓவியத்தில், துறவியின் அங்கி போர்த்திய ஒரு மரத்தின்முன் மக்கள் மண்டியிடுகின்றனர். 42இல் உழவர் இருவர் கழுதைகளைத் தம் முதுகிற் சுமக்கின்றனர். கழுதையொன்று குட்டிக்கு எழுத்துக் கற்பிக்கும் 37ஆம் ஓவியத்தைக் கண்டு ஆசிரியராகிய நாம் வாய்விட்டுச் சிரித்தல் கடினம்.

பேய் வந்ததனால் மட்டும் கலை விமர்சனமாகிவிடாது. கலிங்கத்துப்பரணியின் பேய்கள் பிணக்களத்திற் கூழ் சமைத்து, உண்டு, குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. செயங்கொண்டாரின் நகைச்சுவை ஒப்பற்றது. ஆயின் அக்களத்தைப் பிணக்களமாக்கியவனை அது தீண்டுவதில்லை.

கோயாவின் 12ஆம் ஓவியமே என்னை அதிகம் வருத்துவது. மந்திரத்துக்கு வேண்டித் தூக்கிலே தொங்குபவனின் பல்லைப் பிடுங்குகிறாள் ஒருத்தி. ஒரு கை பிணத்தின் வாயில். மறு கையிலுள்ள துணியால் தன் முகத்தை மறைக்கிறாள். இதனை வகுப்பிற் காட்டியபோது, உடப்புக் கரையிலிருந்து வரும் மாணவியொருத்தி, “அவனை ஏன் சேர் தூக்கிலே போட்டாங்கள்?” என்றாள். மூடநம்பிக்கை பற்றி நான் ஆயத்தம் செய்திருந்த பாடம் அத்தோடு நின்றது.

எங்கள் கரையிலும் சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்துக் காளியிடம், களவு கொடுத்தவரும் வஞ்சிக்கப்பட்டவரும் பழி தீர்க்குமாறு முறையிட வருகின்றனர். மன்றேறி வழக்காட வசதியற்றவருக்கு அதுவும் ஒரு மன்றம். அப்பெண்ணின் அச்சத்தைக் கோயா அறிந்திருந்தார். அவளை அங்கு அனுப்பிய இல்லாமையை ஓவியத்தில் நான் காணவில்லை. கற்றோரின் மேடையிலிருந்து கீழ்நோக்கும் பார்வை அவரிடமும் எஞ்சியிருந்தது எனலாம்.

அவர் அரசவை ஓவியர் என்பதையும் மறத்தலாகாது. இரண்டு நாள்களே விற்பனை நடந்தது, தொகுதியொன்று ஓர் அவுன்சுப் பொன், விற்றவை 27. 1803இல், மகனுக்கு உதவிப்பணம் கிடைக்கும்பொருட்டு, தகடுகளையும் எஞ்சிய பிரதிகளையும் மன்னனிடமே அவர் ஒப்படைத்தார்.