காட்டின் விலையும் குடிகளின் பங்கும்

செமினியிலிருந்து உலு செமினிப் பக்கம் செல்வோர் தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரக் காடுகளைக் காண்பர். இவ்வட்டாரத்தில் தெமுவான் பூர்வகுடியினரும் வாழ்கின்றனர். காற்றிலுள்ள கரியமில வாயுவை மரம் உட்கொண்டு, கரியைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. அந்தச் சேமிப்பை அளந்து விற்பதே இன்றைய கார்பன் வாணிகம். அதற்கென மலேசியப் பங்குச் சந்தை 2022 டிசம்பரில் தனிச் சந்தையொன்றைத் தொடங்கியது.

நோக்கம் நன்று; கணக்கோ எளிதன்று. திட்டம் இல்லாவிடில் எவ்வளவு மரம் வெட்டப்பட்டிருக்கும் என்பது ஊகமே. ஓரிடத்தில் தடுத்த கோடரி வேறிடத்தில் விழலாம். இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. காட்டில் வாழ்வோரைக் கேளாமலே திட்டம் வகுக்கப்படுவது அது.

சபா மாநிலத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. 2021 அக்டோபரில் மாநில அரசு, சிங்கப்பூரின் ஹோச் ஸ்டாண்டர்ட் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்தது. 20 இலட்சம் எக்டேர் காடு, 100 ஆண்டுக் காலம், நிறுவனத்துக்கு வருவாயில் 30 விழுக்காடு என்பன அதன் கூறுகள். பூர்வகுடிகளில் பலர் செய்தி வெளியான பின்னரே இதனை அறிந்தனர். 2022 பிப்ரவரியில் மாநிலத் தலைமை வழக்கறிஞரே, அன்றிருந்த வடிவில் அது சட்ட வலிமையற்றது என்றார்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வட கோலலங்காட் காப்புக் காட்டின் கதை வேறு. மண்ணிலேயே பெருமளவு கரியைச் சேர்த்து வைத்துள்ள சதுப்புக் காடு அது. 2021 மே மாதத்தில் 536 எக்டேருக்கு மேற்பட்ட பகுதியின் காப்பு நீக்கப்பட்டது. தெமுவான் மக்களும் பொதுமக்களும் எதிர்த்தனர். செப்டம்பரில் சிலாங்கூர் அரசு அம்முடிவைக் கைவிட்டது. காட்டைக் காத்தது அளவை அன்று. அங்கு வாழ்வோரின் குரலே.

தமிழருக்கு இது புதிய பாடமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், 1960இல், துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் தோட்டங்களை வாங்கிற்று. எல்லாத் தோட்டங்களையும் அதனால் காக்க இயலவில்லை. ஆயினும் அங்கே தொழிலாளி உதவி பெறுபவன் அல்லன்; பங்குடையவன்.

கார்பன் திட்டங்களையும் இவ்வுரைகல்லிலேயே தேய்த்துப் பார்த்தல் வேண்டும். குடிகளின் நில உரிமை முன்னரே ஏற்கப்பட்டதா? அவர்தம் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறப்பட்டதா? மறுக்கும் உரிமை அவர்க்கு உண்டா? வருவாய்க் கணக்கு அவர் கைக்கு எட்டுமா? வகுப்பில் கரியமில வாயுவைப் பற்றி விளக்கும் ஆசிரியர், மாணவரிடம் இவ்வினாக்களையும் எழுப்புதல் தகும்.