காதில் நின்ற படங்கள்

பிடித்த படம் எது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பெயரைச் சொன்ன கையோடு ஒரு வசனத்தையும் சொல்வார்கள், குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு. அல்லது ஒரு பாட்டை முணுமுணுப்பார்கள். அந்தப் படத்தில் ஒரு ஜன்னல் எங்கே இருந்தது, கதாநாயகி எந்தப் பக்கமிருந்து நடந்து வந்தாள் என்று சொல்பவர் அபூர்வம். நாம் படம் பார்க்கும் சமூகம் என்று பெருமைப்படுகிறோம். மனதில் தேக்கி வைத்திருப்பதைக் கிளறிப் பார்த்தால் முக்கால்வாசியும் கேட்டதுதான்.

இதற்கு நீண்ட பின்னணி உண்டு. ‘பராசக்தி’ 1952-ல் வந்தபோது அதன் வசனம் இசைத்தட்டாகவும் புத்தகமாகவும் வீடுகளுக்குள் போனது. நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் இருந்தார்கள். பிறகு வானொலியில் ஒலிச்சித்திரம். மூன்று மணி நேரப் படம், பார்க்க எதுவுமில்லாமல், பேச்சும் பாட்டுமாகச் சுருங்கி வரும். அதன் பிறகு கேசட் காலம். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ முழு வசனமும் ஓடும். அந்தப் படத்தைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே தருமியின் புலம்பலைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அந்தத் தருமி காட்சியையே எடுத்துக்கொள்வோம். பரிசுத்தொகையை நினைத்துப் புழுங்கியபடி கோயிலுக்குள் தனியே பேசிக்கொண்டு நிற்கும் ஏழைப் புலவன். கேசட்டில் கேட்டால் அது நாகேஷின் குரல் விளையாட்டு, அவ்வளவுதான். திரையில் பார்க்கும்போதுதான் அந்த ஒல்லி உடம்பு என்னவெல்லாம் செய்கிறது என்று தெரிகிறது. ஆசை மேலிடும்போது கால் முன்னே போகிறது. அவமானம் நினைவுக்கு வந்ததும் முதுகு வளைந்து பின்வாங்குகிறது. சிவாஜி கணேசன் இறைவனாக எதிரே வந்து நின்ற பிறகு, அந்த நேரான நிற்றலுக்குப் பக்கத்தில் இந்த நெளிவு இன்னும் கூடிப்போகிறது. பசிக்கும் கர்வத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு மனிதனை நாகேஷ் உடம்பால் எழுதிக் காட்டுகிறார். காதால் மட்டும் பிடித்துப்போனவர்களுக்கு இது பாதிதான் கிடைத்தது. ஆனால் அந்தப் பாதிதான் படத்தை அறுபது வருடம் சுமந்து வந்தது என்பதையும் மறுக்க முடியாது.

பிடித்த படம் என்று ஒன்றைக் கொண்டாடும் வழக்கத்தின் பெரிய பலம் இந்தச் சுமத்தல்தான். முதல் வாரக் கூட்டமும் முதல் வார விமர்சனமும் கொடுத்த தீர்ப்பை, ரசிகர்களின் நினைவு பத்து இருபது வருடம் கழித்துத் திருத்தி எழுதும். ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்து வசூலில் சறுக்கிய படம். தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி போட்டுப் போட்டு, இன்று பலருடைய பட்டியலில் முதல் ஐந்துக்குள் நிற்கிறது. 1978 தீபாவளிக்கு வந்த ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ அன்று கூட்டம் சேர்க்கவில்லை. பிற்பாடு அதைத் தேடிப் பிடித்தவர்கள்தான் அதற்கு இடம் வாங்கிக் கொடுத்தார்கள். மற்ற நாடுகளிலும் இதே கதை உண்டு. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 1958-ல் வந்தபோது பெரிய பாராட்டு இல்லை. உரிமை அவர் கையில் இருந்ததால் 1970-களிலிருந்து பல வருடங்கள் அது எங்கும் திரையிடப்படவும் இல்லை. ஆனாலும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 1982-ல் விமர்சகர்களிடம் எடுத்த கணிப்பில் முதல் பத்துக்குள் வந்துவிட்டது! படம் கண்ணில் படாத காலத்தில், பழைய ஞாபகத்தை வைத்தே வாக்குகள் விழுந்திருக்கின்றன. 2012-ல் ‘சிட்டிசன் கேன்’ படத்தைத் தள்ளிவிட்டு அது முதலிடத்துக்கே போனது.

ஆக, நினைவு நல்ல வக்கீல். அதையே நீதிபதியாகவும் உட்கார வைக்கும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது. நினைவுக்கு ஒரு காட்சி போதும். அந்த ஒன்றுக்காக மிச்சப் படத்தின் அத்தனை குற்றங்களையும் மன்னித்துவிடும். ‘அன்பே சிவம்’ என்றதும் எல்லோரும் சொல்வது ரயில் விபத்துக்குப் பிறகு உயிருக்குப் போராடும் சிறுவனைத்தான். முகம் தெரியாத பிள்ளைக்காகக் கலங்கும் மனம்தான் கடவுள் என்று நாயகன் நல்லசிவம் தன் பயணத் துணை அன்பரசுவிடம் சொல்லும் இடம். அருமையான காட்சி, சந்தேகமில்லை. ஆனால் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தால், முதலாளி கந்தசாமிப் படையாச்சியைச் சுற்றி ஓடும் நீண்ட பின்கதை எவ்வளவு தட்டையானது என்று தெரியும். பக்திமான், பேராசைக்காரர், கூலி கொடுக்காதவர் என்று எல்லாம் ஒரே ஆள் தலையில். ஒரு கருத்தைச் சுமக்க மனிதர்களைக் கூலிக்கு அமர்த்திய மாதிரி இருக்கிறது. இதைச் சொன்னால் அந்தப் படத்தின் ரசிகர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். பிடித்த படமாகிவிட்ட பிறகு அது விமர்சனத்துக்கு அப்பால் போய், குடும்ப உறவினர் ஆகிவிடுகிறது.

‘முள்ளும் மலரும்’ இன்னும் சிக்கலான உதாரணம். உமாசந்திரனின் நாவலிலிருந்து மகேந்திரன் 1978-ல் எடுத்த முதல் படம். பாலு மகேந்திரா தமிழில் ஒளிப்பதிவு செய்ததும் இதில்தான் தொடங்கியது. விஞ்ச் ஓட்டும் காளி, ஒரு கையும் போய் வேலையும் போன பிறகும் வீம்பு போகாதவன். தங்கை வள்ளியை எஞ்சினியர் குமரனுக்குக் கட்டிக்கொடுக்க அவனுக்கு மனமில்லை. கடைசியில் கல்யாணத்துக்குக் கிளம்பிய கூட்டத்தை விட்டு வள்ளி அண்ணனிடமே ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறாள். அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகு அவனாகவே அவளைக் குமரனிடம் ஒப்படைக்கிறான், இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு.

அந்த ஒற்றை வரிக்காகவே இது பலருக்குப் பிடித்த படம். நியாயம்தான். கதாநாயகன் திருந்தி எல்லோரையும் கட்டிப்பிடித்து முடியும் படங்களுக்கு நடுவே, திருந்தாமலே பெருந்தன்மை காட்டிய ஒருவனை ரஜினிகாந்த் அதில் செய்தார். ஆனால் கேட்ட வரியை ஒதுக்கி வைத்துவிட்டு அதே காட்சியைப் பாருங்கள். ஆசைப்பட்டவனை விட்டுவிட்டு ஓடிவந்த பிறகுதான் வள்ளிக்கு அவன் கிடைக்கிறான். அண்ணனுக்குத் தோல்வி இல்லை என்று நிரூபித்த பின்தான் அவள் வாழ்க்கைக்கு அனுமதி. வள்ளியாக வரும் ஷோபாவுக்கு அந்த இடத்தில் பேச்சு அதிகமில்லை, அழுகையும் அணைப்பும்தான். பேசியது காளி என்பதால் நம் ஞாபகத்தில் அந்தக் காட்சி காளியினுடையது ஆகிவிட்டது. மகேந்திரன் இதைக் கண்டிக்கிறாரா, கொண்டாடுகிறாரா என்று என்னால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. அப்படியொரு கேள்வி இருப்பதாகவே நம் பட்டியல்களில் தடயம் இல்லை என்பதுதான் என் புகார்.

ஒரு படம் இப்படிப் பிடித்துப்போக வயதும் ஒரு காரணம்தான். பதினாறில் பார்த்த படம் நாற்பதிலும் பிடிக்கும். அதில் படத்தின் பங்கு எவ்வளவு, பதினாறின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவல் 1971-ல் சினிமா பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பெரும்பாலும் ஞாபகத்தை நம்பி எழுதியது. காட்சி விவரங்களில் பிசகு இருக்கலாம், ஒரு ஞாபகம் ஏன் பிசகிப்போனது என்பதும் எனக்குச் சுவாரசியமானதே என்ற பொருளில் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். தத்துவம் எழுதுகிறவருக்கு இது சரி. படத்தைப் பற்றி எழுதுகிறவர் இதைச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு முக்கால்வாசிப் படங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது திரும்பப் பார்க்காமல் எழுத என்ன அவசரம்?

பத்துப் படப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை குறைவு. பட்டியல் போடும்போதே பாதிப் பேர், தம்மைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். ஒரு ஈரானியப் படம், ஒரு ஜப்பானியப் படம், கூச்சத்தைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு எம்.ஜி.ஆர். படம். ஒரே படத்தை எடுத்துக்கொண்டு நின்று நிதானமாகப் பேசுவது வேறு. ஆனந்த விகடனில் செழியன் எழுதிய ‘உலக சினிமா’ தொடர் அப்படி வந்தது. படங்கள் கிடைக்காத காலத்தில், காட்சி காட்சியாகச் சொல்லிக்கொண்டு போன அந்தக் கட்டுரைகளைப் படித்தே பலர் அந்தப் படங்களைத் தேடிப் போனார்கள். எழுதியவர் ஒளிப்பதிவாளர் என்பது தற்செயல் இல்லை. ஆனால் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பலரிடம் கதைச்சுருக்கம் மட்டும் மிஞ்சியது. முழுக்கதையையும் சொல்லி, கடைசிப் பத்தியில் ‘நெஞ்சை உலுக்கும் படம்’ என்று முடித்துவிடுகிறார்கள். எது உலுக்கியது, எந்த நொடியில் என்று சொல்வதில்லை.

எனக்குப் பிடித்த படத்தைக் கேட்டால் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ என்பேன். 1979. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ தூண்டிவிட்ட கதை, அதிலிருந்து வெகுதூரம் விலகிப் போயிருக்கிறது. கடைசிக் காட்சிதான் என் காட்சி. ஊரே திரண்டு சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. அடிதடி இல்லை, கூச்சல் இல்லை. படம் முழுக்கக் குரலை உயர்த்தாமலே கொடுமை செய்தவன் இப்போதும் குரலை உயர்த்துவதில்லை. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல மாற்றிவிட்டேன், நான் செய்த பாவங்களில் பெரியது அதுதான் என்கிறான். தானாகவே தண்ணீருக்குள் இறங்குகிறான்.

இதிலும் வசனத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஊர்க்காரர்கள் நிற்கும் விதம். தண்டனை கொடுக்க வந்தவர்கள், கொடுத்து முடித்த பின் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அசோக்குமாரின் ஒளிப்பதிவில் அந்த ஆறு எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் கிடக்கிறது. வெயில், மணல், தண்ணீர், அவ்வளவே. தகப்பனை இழந்த இரண்டு பிள்ளைகள் கரையில் மிஞ்சுகிறார்கள். தாய் லட்சுமி முன்பே போய்விட்டாள். கெட்டவன் ஒழிந்தான் என்று கைதட்ட விடாமல் அந்தப் பிள்ளைகளை நம் முன்னால் நிறுத்திவிடுகிறார் மகேந்திரன்.

இவ்வளவு பிடித்தும் ஒரு இடத்தில் இந்தப் படத்தோடு எனக்குத் தகராறு உண்டு. ஊர் ஏன் திரண்டது? லட்சுமியின் தங்கை செண்பகத்தை, கல்யாணத்துக்கு முன் அவன் பலவந்தமாக ஆடை களைந்து அவமானப்படுத்தியதால். அவ்வளவு பெரிய கொடுமைக்கு ஆளானவளுக்குப் படம் அதன் பிறகு கொடுக்கும் இடம் மிகச் சிறியது. அவள் மேல் விழுந்த அவமானம், அவன் சாவை உயரமாக்கும் படிக்கட்டாகிவிடுகிறது. கடைசி வார்த்தையும் அவனுக்கே, அதுவும் நாம் மறக்க முடியாத வார்த்தை. சுந்தரவடிவேலுவாக வரும் விஜயன் அதை அத்தனை அமைதியாகச் சொல்வதால் கொஞ்சம் பரிவே வந்துவிடுகிறது நமக்கு. அந்தப் பரிவு இயக்குநர் வேண்டுமென்றே வைத்தது என்றுதான் நினைக்கிறேன், அதில் துணிச்சலும் இருக்கிறது. ஆனால் அவன் பேசி முடித்த பிறகு செண்பகம் என்ன நினைத்தாள் என்று ஒரே ஒரு ஷாட் வைத்திருக்கலாம். மகேந்திரனுக்கு அது தெரியாத வித்தையும் இல்லை. பேசாத பெண்களின் முகத்தில் கதை சொல்வதில் அவர் கெட்டிக்காரர் என்று அதே படத்தில் லட்சுமியாக வரும் அஸ்வினியே சாட்சி.