நிபந்தனையில்லா அன்பும் கீழைக்கரையின் உரைகல்லும்

கடவுள் இருக்கிறாரா என்று, இலங்கையின் கீழைக்கரையிலுள்ள கல்முனையில் யாரும் யாரோடும் வாதிடுவதில்லை. கல்முனைக்குடியில் ஐந்து வேளையும் பாங்கு ஒலிக்கிறது. பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் கூடுகிறார்கள். கடவுள் இரக்கமுள்ளவர் என்பதிலும் இங்கே பேதமில்லை. பேதம் தொடங்கும் இடம் வேறு. மனிதன் திருந்துமுன்னே, கேட்குமுன்னே, எந்தத் தகுதியும் பாராமல் கடவுள் அவனை நேசித்துவிட்டார் என்கிறது கிறிஸ்தவம். அதை நம்புவது அயலாருக்கு மட்டுமன்றி, கிறிஸ்தவர்களுக்கே கடினமாக இருந்திருக்கிறது. திருச்சபைக்குள் எழுந்த பிரிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒவ்வொன்றும் அந்த அன்புக்கு ஏதோ ஒரு நிபந்தனையைச் சேர்த்தோ, முந்தியவர் சேர்த்ததை நீக்கியோ வந்திருப்பது தெரியும். அச்செய்தி இக்கரைக்கு வந்து சேர்ந்த வழியும் அப்படிப்பட்டதே. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

ஐந்து மணிக்கு வந்தவனின் கூலி

இப்போதனையின் கடினத்தை மறைக்காமல் சொல்வது மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டக் கதை. தோட்டத்தை வயலாக்கி அதை நம்மூருக்குக் கொண்டு வரலாம். போடியார் ஒருவர் வெள்ளாண்மை வெட்டுக்கு விடியலில் ஆள் பிடிக்கிறார், நாட்கூலி பேசியாயிற்று. ஒன்பது மணிக்கும், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும் இன்னும் ஆள் சேர்க்கிறார். ஐந்து மணிக்குச் சந்தியில் சும்மா நின்றவர்களையும் கூட்டிப் போகிறார். மம்மல் பொழுதில் கூலி கொடுக்கும்போது, கடைசியாக வந்தவனை முதலில் கூப்பிட்டு முழு நாட்கூலியைக் கொடுக்கிறார். விடியலில் வந்தவன் தனக்குக் கூடக் கிடைக்கும் என்று காத்து நிற்கிறான். அவன் கையிலும் அதே தொகை விழுகிறது.

சம்மாந்துறை வயலில் இப்படி நடந்தால் மறுநாள் ஐந்து மணிக்கு முன் ஒருவரும் வேலைக்கு இறங்கமாட்டார்கள். கதை அந்த எரிச்சலைத் தெரிந்தே கிளப்புகிறது. விடியலில் வந்தவனுக்கு ஒரு சதமும் குறையவில்லை. மற்றவனுக்குக் கிடைத்ததுதான் அவனைச் சுடுகிறது. நிபந்தனையில்லா அன்பை நம்ப முடியாதவன் பெரும்பாவியாக இருக்க வேண்டியதில்லை. நாள் முழுதும் ஒழுங்காக உழைத்த நல்ல மனிதனே அதில் முதலில் இடறுகிறான்.

முதல் மரபு: கத்தோலிக்கம்

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியுஸ் என்ற துறவி, நல்வழியில் நடக்கும் வல்லமை மனிதனிடமே உண்டு என்றார். ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் அதை மறுத்து, முதல் அடியை வைப்பது கடவுளின் அருளே என்றார். திருச்சபை அகுஸ்தீன் பக்கம் நின்றது. 1545 முதல் 1563 வரை நடந்த திரிதெந்து சங்கம் இதை நுணுக்கமாக வகுத்தது: தொடக்கம் அருளுடையது, மனித விருப்பம் அதோடு ஒத்துழைக்கிறது, திருவருட்சாதனங்கள் அதைத் தாங்குகின்றன.

ஒப்புரவு அருட்சாதனத்தை உற்றுப் பார்த்தால் இந்த ஒழுங்கு விளங்கும். ஒருவர் மனம் வருந்திக் குற்றங்களைச் சொல்கிறார். குருவானவர் ஒரு பரிகாரத்தைக் குறிப்பிடுகிறார்: சில செபங்கள், ஓர் உதவி, அல்லது எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல். உடனே பாவமன்னிப்பு வாசகத்தைச் சொல்லிவிடுகிறார். பரிகாரத்தை மனம் வருந்தியவர் வெளியே போய், மன்னிப்புப் பெற்றவராகத்தான் செய்கிறார். ஆகவே பரிகாரம் மன்னிப்பின் விலையாகாது. இந்த முறையை மறந்து மன்னிப்பைப் பணத்தோடு பிணைத்த காலமும் உண்டு. அதை எதிர்த்தே 1517இல் மார்ட்டின் லூத்தர் எழுந்தார். விசுவாசம் ஒன்றாலேயே மனிதன் நீதிமானாக எண்ணப்படுகிறான் என்ற அவருடைய மரபு 1706இல் தரங்கம்பாடி வழியாகத் தமிழுக்கு வந்தது.

இக்கரைக்குக் கத்தோலிக்கம் வந்ததோ போர்த்துக்கேயக் கப்பல்களில். போர்த்துக்கேயர் தம் ஆள்புலத்திலிருந்து விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626 அளவில் கிழக்கே குடியமர்த்தினான் என்பது வரலாறு. 1628இல் மட்டக்களப்பில் போர்த்துக்கேயக் கோட்டை எழுந்தது. இக்கரை முஸ்லிம்களில் பலருடைய மூதாதையருக்குச் சிலுவை முதலில் அறிமுகமானது துரத்தியவனின் கொடியில். பீரங்கிக்குப் பின்னால் நின்று கடவுளின் அன்பைப் பேசியவனை அவர்கள் நம்பாமல் போனதில் வியப்பென்ன?

சீர்திருத்த மரபு: டோர்ட்டின் தெரிவு

1638இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்தார்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1618–19இல், அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபை டோர்ட் நகரில் கூடி ஒரு முடிவுக்கு வந்திருந்தது: கடவுள் யாரை மீட்கிறாரோ அவர்களை எந்தத் தகுதியும் முன்கண்டு தெரிவுசெய்வதில்லை, தம் விருப்பத்தாலேயே தெரிவுசெய்கிறார். அன்பிலிருந்து மனிதத் தகுதியை இவ்வளவு முழுமையாகக் களைந்த கோட்பாடு வேறில்லை. ஆனால் அந்த அன்பின் எல்லை சுருங்கிவிட்டது. தெரிந்துகொள்ளப்பட்டவருக்கு நிபந்தனை இல்லை. மற்றவருக்கு வாசலும் இல்லை.

ஆட்சியில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒல்லாந்தர் ஆண்ட கரையோரங்களில் பள்ளித் தோம்பு என்னும் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் திருமணமும் வாரிசுரிமையும் செல்லும். ஞானஸ்நானம் பெற்றவருக்கே உத்தியோகம். கொள்கையில் கடவுள் தகுதி பாரார். கச்சேரியில் பதிவேடு பார்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் கட்டாயம் நீங்கியதும் அப்பதிவேட்டுக் கிறிஸ்தவர்கள் பெருந்தொகையாகத் தம் பழைய சமயங்களுக்கே திரும்பிவிட்டார்கள்.

அதே ஒல்லாந்தர் காலத்தில், தடை செய்யப்பட்ட கத்தோலிக்கக் குருவாக, கூலியாள் வேடத்தில் 1687இல் கோவாவிலிருந்து வந்தார் யோசேப் வாஸ். கண்டியில் 1697இல் அம்மை நோய் பரவியபோது, உறவினர் கைவிட்டவர்களைச் சமயம் பாராமல் எடுத்துப் பராமரித்தார். அவர் கையில் பட்டாளமும் இல்லை, கொடுப்பதற்கு உத்தியோகமும் இல்லை. கண்டியின் பௌத்த மன்னன் அவருக்கு ஊழியச் சுதந்திரம் கொடுத்தான். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மெதடிஸ்தம்: ஒரேயொரு நிபந்தனை

1739இல் மெதடிஸ்தத்தின் நிறுவனர் ஜோன் வெஸ்லி தெரிவுக் கோட்பாட்டைத் தாக்கி, இலவசக் கிருபை பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். கடவுளின் கிருபை எல்லாருக்கும் உரியது. மனிதன் தேடுமுன்பே அவனுள் வேலை தொடங்கிவிடுகிறது. அதைத் தள்ளிவிடவும் அவனுக்குச் சுதந்திரம் உண்டு என்பது அவருடைய போதனை. 1743இல் அவர் வகுத்த பொது விதிகளின்படி, சங்கத்தில் சேர ஒரே நிபந்தனை பாவத்திலிருந்து தப்ப வேண்டும் என்ற ஆவல். சேர்ந்தபின் ஒழுங்கு கடுமை: தீங்கு செய்யாதே, நன்மை செய், வழிபாட்டை விடாதே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டுப் புதுப்பிக்கப்படும். வாசலில் கேட்காததை வீட்டுக்குள் கேட்கும் மரபு இது.

1814இல் காலியில் இறங்கிய மெதடிஸ்த மிஷனரிகளுள் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். பாடசாலைகளைத் தொடங்கி, ஓராண்டு முடியுமுன் 1815இல் இறந்தார். அந்தப் பணியின் நீட்சியாகவே கல்முனையிலும் மெதடிஸ்தப் பாடசாலை வந்தது. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். அவரே சுவாமி விபுலாநந்தர் ஆனார். மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகள் மதம் மாறுவதைக் கண்டு கவலைப்பட்ட சைவருக்காக இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்தார். மதமாற்றக் கணக்கு வைப்பவருக்கு இது நட்டம். வெஸ்லியின் போதனையை நெஞ்சார நம்புபவருக்கோ கல்முனைப் பாடசாலையின் பெருமைகளில் இது தலையாயது: திரும்ப எதையும் பெறாத இடத்தில் கொடுத்த கல்வி, இலவசக் கிருபை என்ற சொல்லுக்கு உண்மையான ஒரு விளக்கம்.

இருபதாம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகள் வந்தன. கடவுள் உன்னை இன்றே, உன் உடம்பையும் சேர்த்து நேசிக்கிறார் என்று அவர்கள் சொன்னது ஏழைகளைத் தொட்டது. சுகம் கிடைக்காதபோது விசுவாசம் போதவில்லை என்று நோயாளியையே குற்றம் சொல்வது, அங்கே நிபந்தனை மறுபடி நுழையும் வாசல்.

அயலவரின் மூன்று கேள்விகள்

முஸ்லிம் அயலவர் எழுப்பும் கேள்விகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதலாவது: ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க முடியாது என்கிறது குர்ஆன், அப்படியிருக்க ஈஸா (இயேசு) எப்படிப் பிறர் பாவத்தைச் சுமந்தார்? இரண்டாவது: மன்னிக்க நினைத்தால் இறைவன் ஒரு சொல்லால் மன்னிக்கலாம், பலி எதற்கு? மூன்றாவது: எல்லாருக்கும் அன்பு என்றால் அநீதி இழைத்தவனுக்கு என்ன தீர்ப்பு?

முதல் இரண்டும் கிறிஸ்தவ அறிஞர்களே தமக்குள் கேட்டவை. சிலுவையைக் கடவுளின் மாண்புக்குச் செலுத்தப்பட்ட ஈடு என்று 1098 அளவில் அன்செல்ம் விளக்கினார். அடுத்த தலைமுறையில் அபெலார்ட், அது மனித மனத்தை இளக்க வந்த அன்பின் வெளிப்பாடு என்றார். முரண்டு பிடிக்கும் கடவுளைச் சம்மதிக்க வைக்க ஒருவர் கொடுத்த விலை என்று பேசினால், அன்பு நிபந்தனையற்றது என்ற வாயாலேயே அதைக் கெடுத்தவராவோம். சிலுவையில் செலவழிந்தது கடவுளின் சொந்தப் பொருள் என்பதில்தான் இரு விளக்கங்களும் சந்திக்கின்றன.

இஸ்லாத்தில் இந்த அன்பின் சாயல் இல்லை என்று எண்ணுபவர், புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் வரும் ஹதீஸ் ஒன்றை அறியவேண்டும். நூறு பேரைக் கொன்றவன் தௌபா செய்யப் புறப்பட்டு வழியிலேயே இறக்கிறான். நல்லோர் ஊருக்கு ஒரு சாண் அருகில் கிடந்ததால் ரஹ்மத்தின் மலக்குகள் அவனை எடுத்துக்கொள்கிறார்கள். இளைய மகன் திரும்பி வரும் லூக்கா 15ஆம் அதிகாரத்துக் கதைக்கு இது தூரமில்லை. வேறுபாடும் உண்டு: அங்கே அவன் புறப்பட்டிருக்க வேண்டும், இங்கே மகன் புறப்படுமுன்னரும் அவன் மகன்தான். பஸ்ராவின் ராபியா சுவர்க்க ஆசையும் நரக பயமும் இன்றி இறைவனை நேசிக்க மனிதனைக் கேட்டார். மனிதனை அப்படி நேசிப்பவர் இறைவன் என்பது கிறிஸ்தவத்தின் வாதம்.

மூன்றாம் கேள்வி இங்கே வெறும் வாதமல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர் பலர் மாண்டார்கள். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில், தாக்குதலோடு தொடர்புடையவர்கள் தம்மைத் தாமே வெடிக்க வைத்தபோது அவர்களோடு குழந்தைகளும் இறந்தார்கள். அவ்வீட்டில் வந்து தங்கியவர்கள்மேல் ஐயம் கொண்டு முதலில் விசாரித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. அடுத்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்ததாக அறிவித்தார். பின்னால் இருந்தவர்கள் யார் என்ற கேள்வியையும் அவர் கைவிடவில்லை. மன்னிப்பு பழிவாங்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறது. உண்மையையும் நீதியையும் விட்டுக்கொடுப்பதில்லை.

உரைகல்

இவ்வளவையும் தொகுத்தால், ஒரு போதனையோ ஒரு சபையோ இந்த அன்பை உண்மையாக நம்புகிறதா என்று பார்க்க நான்கு அளவுகள் கிடைக்கின்றன. முதல் அடியை வைப்பவர் கடவுளா? அகுஸ்தீன் தந்த அளவு அது. யாராவது வாசலுக்கு வெளியே விடப்படுகிறார்களா? அது வெஸ்லி டோர்ட்டை நோக்கிக் கேட்டது. நல்வாழ்வு இந்த அன்பின் கனியாக வருகிறதா, கட்டணமாகக் கேட்கப்படுகிறதா? இதன் மறுபக்கத்தை 1937இல் ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் எச்சரித்தார்: கனியே கேட்காத கிருபை மலிவுச் சரக்கு. நான்காவது இக்கரை தரும் அளவு: மறுப்பவரிடமும் அந்த அன்பு குறையாமல் இருக்கிறதா?

2004 டிசம்பர் 26இல் சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இலங்கையில் மிகுந்த இழப்பு இம்மாவட்டத்துக்கே. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அது. கடவுளின் அன்பைப் பற்றிப் பேச எந்தப் போதகருக்கும் எளிதாக இருந்திருக்காது. அழிவுக்கு விளக்கம் சொல்ல முயன்றவர்களைவிட, பெயரும் மதமும் கேட்காமல் உடல்களை எடுத்தவர்கள் அந்தப் போதனைக்கு அருகில் நின்றார்கள். நிவாரணப் பொதியோடு பிரசங்கத் துண்டுப் பிரசுரத்தையும் வைத்துக் கொடுப்பது எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும் அந்தப் பொதியைக் கூலியாக்கிவிடும்.

இன்று இங்குள்ள கிறிஸ்தவர் மிகச் சிறு தொகையினர். கோட்டையும் தோம்பும் போய்விட்டன. 1960, 61 சட்டங்களால் பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசிடம் போயின. கல்முனையில் வெஸ்லி என்றும் கார்மேல் பாத்திமா என்றும் பெயர்கள் நிற்கின்றன. இதை இழப்பென்று பலர் எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. நானூறு ஆண்டுகளில் இப்போதுதான் இந்தத் திருச்சபை இக்கரையில், பேரம் பேச ஒன்றுமில்லாமல், யோசேப் வாஸ் நின்ற இடத்தில் நிற்கிறது. அயலவர் இப்போதனையைக் கேட்டு மரியாதையோடு வேண்டாம் என்று சொல்லலாம். பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார். அதன்பின்னும் அவர் வீட்டு ஜனாஸாவுக்குப் போவதும், அவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும், அவர்மேல் விழும் பொய்ப் பழிக்கு எதிராகப் பேசுவதும் முன்போலவே தொடர்ந்தால், அந்தச் சபை தன் போதனையை நம்புகிறது. தொடராவிட்டால் அதற்கும் ஒரு கூலி எதிர்பார்க்கப்பட்டது என்றுதான் பொருள்.