கல்பாத்தியில் இடுபெயரும் அழைபெயரும்: ‘பொருளுள்ள பெயர்’ என்னும் அளவுகோல் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

குழந்தைக்குப் பெயரிடும் பெற்றோர் இன்று இரண்டு தகுதிகளை எதிர்பார்க்கின்றனர். பெயர் பிறரிடம் காணப்படாததாக இருத்தல் வேண்டும். நல்ல பொருள் உடையதாகவும் இருத்தல் வேண்டும். இத்தேவையை முன்னிட்டுப் பெயர்த்தொகுப்பு நூல்கள் பல வெளிவந்துள்ளன. அகரவரிசையில் பெயரையும் அதன் எதிரே ஒரு சொல்லில் பொருளையும் தருவது இவற்றின் பொது அமைப்பாகும். வடமொழிப் பெயர்களைத் தரும் நூல்களும் தனித்தமிழ்ப் பெயர்களைத் தரும் நூல்களும் நோக்கத்தால் மாறுபடினும், பெயரின் பொருள் அகராதியில் உள்ளது என்னும் எடுகோளில் ஒன்றுபடுகின்றன. பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியின் தமிழ் அக்கிரகாரப் பெயர்மரபைச் சான்றாகக் கொண்டு இவ்வெடுகோளின் தகுதியை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்பாத்தியின் பெயர்ச்சூழல்

கல்பாத்தி ஆற்றங்கரையில் விசாலாட்சி உடனாய விசுவநாதர் கோயிலைச் சூழ்ந்து அமைந்த அக்கிரகாரங்கள் ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்னும் வழக்கால் அறியப்படுபவை. சோழநாட்டுப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்தோராகத் தம்மைக் கருதும் இம்மக்கள் வீட்டில் தமிழையும் வெளியில் மலையாளத்தையும் வழங்குவோர். 1956 நவம்பர் 1வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; பின்னர்க் கேரளத்தின் பகுதியாயிற்று. பள்ளி, ஆவணம், கடைத்தெரு ஆகியவற்றில் மலையாளம் நிலைபெற்ற பின்னரும் தமிழ் வழங்கும் இடமாக வீடு நீடித்தது. வீட்டுமொழியின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டும் கூறுகளுள் ஒன்று, குழந்தையை அழைக்கும் பெயராகும்.

இடுபெயர்: உறவே பொருள்

இம்மரபில் தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரும், அடுத்த மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரும் இடப்படும். பெண்மக்களுக்குப் பாட்டிமார் பெயர்கள் இவ்வாறே அமையும். பதினோராம் நாள் நிகழும் பெயரிடு சடங்கில் தந்தை குழந்தையின் செவியில் சொல்லும் பெயர், குடும்பம் ஏற்கெனவே அறிந்த பெயரே ஆகும்.

இது தமிழுக்குப் புதிய வழக்கன்று. ‘பேரன்’ என்பது ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பதே அதன் பொருள். ‘பேத்தி’ என்பதும் ‘பெயர்த்தி’ என்பதிலிருந்து வந்ததே. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதி (403), சிறுதேர் உருட்டித் தளர்நடையிடும் புதல்வனைத் தந்தையின் பெயரைத் தாங்கியவனாகவே சுட்டுகிறது. அங்குக் குழந்தையின் பெயர் இன்னது என்பது கூறப்படவில்லை. அது யாருடைய பெயர் என்பதே கூறப்படுகிறது. ‘இப்பெயருக்கு என்ன பொருள்?’ என்பது இன்றைய வினா. ‘இது யார் பெயர்?’ என்பது மரபின் வினா. நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுப்பார். அப்பகுப்பை மக்கட்பெயருக்கு விரித்துக் காணின், பெயரிட்டதற்கான காரணம் சொல்லின் பொருளுக்குள் அடங்காது என்பது புலனாகும். பிறந்த குழந்தைகளை அடுத்தடுத்து இழந்த பெற்றோர் அடுத்த குழந்தைக்குப் ‘பிச்சை’ எனவும் ‘குப்பை’ எனவும் பெயரிட்டனர். அகராதிப் பொருளில் இவை இழிந்தவை. இட்ட காரணமோ குழந்தை நிலைத்து வாழவேண்டும் என்னும் வேட்கை.

அழைபெயர்: வீட்டின் இலக்கணம்

ஒரே பெயர் தலைமுறைதோறும் திரும்பவருவதால் இரண்டு இடர்ப்பாடுகள் தோன்றின. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பது பழைய வழக்கம். அப்பெயரே மகனுக்கு இடப்பட்டபோது, பெற்ற தாய் தன் குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்க இயலாதவளானாள். ஒரே தெருவில் விசுவநாதன்களும் கிருஷ்ணன்களும் பலராயினமை மற்றோர் இடர்ப்பாடு. இவ்விரண்டுக்கும் தீர்வாக அமைந்தது அழைபெயர்.

விசுவநாதன் விச்சு ஆவதும், கிருஷ்ணன் கிட்டு ஆவதும், வேங்கடராமன் வெங்கிட்டு ஆவதும், சீனிவாசன் சீனு ஆவதும் வெறும் செல்லச் சிதைவுகள் அல்ல. வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தொடு பொருந்திய வடிவில் வடசொல்லை வழங்கவேண்டும் என்பது தொல்காப்பிய எச்சவியல் கூறும் விதி. ‘கிருஷ்ணன்’ என்பதில் உள்ள வடவெழுத்தும் தமிழுக்கு இயையாத மெய்ம்மயக்கமும் ‘கிட்டு’ என்பதில் இல்லை. கிட்டு, விச்சு ஆகியவை கொக்கு, பாக்கு போன்று வன்றொடர்க் குற்றியலுகரச் சொற்களாகவே நிற்கின்றன. ‘அம்பி’ என்பதில் முறைப்பெயரே இயற்பெயராகிறது. குஞ்சு, குட்டன் போன்றவை தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. இடுபெயர் வடமொழியில் நிற்க, அதனைத் தமிழாக்கும் பணியை இலக்கணம் கல்லாத தாய்மாரும் பாட்டிமாரும் வாய்மொழியில் செய்துவந்தனர்.

தனித்தமிழ் இயக்கம் இதே பணியை மொழிபெயர்ப்பால் செய்தது. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞரானதும், வேதாசலம் மறைமலையடிகளானதும் சொற்பொருளைப் பெயர்த்தமைத்த ஆக்கங்கள். அவை எழுத்தில் நிலைபெற்றன. கல்பாத்தியின் தமிழாக்கம் ஒலியில் நிகழ்ந்தமையால் எந்தத் தொகுப்பிலும் இடம்பெறவில்லை.

மூவர் பெயர்

பாலக்காட்டு இசைவாணர் மூவரின் பெயர்கள் இங்குக் கருதத்தக்கன. 1974இல் மறைந்த வைத்தியநாத பாகவதர் தம் ஊர்ப்பெயரால் ‘செம்பை’ என்றே அறியப்பட்டார். அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்து வளர்ந்த மிருதங்க மேதை மணி ஐயருக்கு (1912–1981) இடப்பட்ட பெயர் இராமசாமி. அது அவர்தம் பாட்டனார் பெயர். உலகம் அறிந்ததோ ‘மணி’ என்னும் அழைபெயரையே. மணி ஐயரிடம் பயின்ற கே.வி. நாராயணசாமி (1923–2002) ‘கேவிஎன்’ ஆனார். அம்மூன்றெழுத்துள் கொல்லங்கோடு என்னும் ஊரும் விசுவநாதன் என்னும் தந்தை பெயரும் அடங்கியுள்ளன. மூவருள் எவரையும் தனித்துக் காட்டியது இடுபெயரின் அருமையன்று. ஊரும் வீடும் குடிவழியும் அப்பணியைச் செய்தன.

மரபின் குறைகள்

இம்மரபைக் குறையற்றதாகக் கொள்ளுதல் பொருந்தாது. அழைபெயரைத் தோற்றுவித்த விலக்கே பெண்ணின் நாவைக் கட்டுப்படுத்தியது. மேலும், முன்னோர் பெயரைத் தொடர்தல் என்பது மதிப்புடைய பெயரைச் சூடும் உரிமை பெற்றிருந்தோர்க்கே பெருமையாயிற்று. கேரளத்திலும் தமிழகத்திலும் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கு அவ்வுரிமை மறுக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குப் பாட்டன் பெயரைத் தொடர்வது இழிவைத் தொடர்வதாகவும் இருக்கக்கூடும். தொல். திருமாவளவன் தம் தந்தை இராமசாமிக்குத் தொல்காப்பியன் எனப் பெயரிட்டு, அப்பெயரின் முதற்பகுதியையே தம் பெயருக்கு முன் கொண்டமை மரபின் திசையையே மாற்றிய நிகழ்ச்சி. அங்கு மகன் தந்தைக்குப் பெயர் தருகிறான். ஆண்மகவை எதிர்பார்த்த குடும்பங்கள் பெண்மகவுக்குப் ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ எனப் பெயரிட்டமையும் நினைக்கத்தக்கது. அப்பெயரைச் சுமந்தவள் தன் மகளுக்கு நற்பொருள் தேடுவதைப் போலி நாகரிகம் எனத் தள்ளிவிட முடியாது. ஆகவே பொருள் தேடும் வேட்கை பிழையன்று. பொருளை அகராதியில் மட்டும் தேடுவதே குறை.

முடிவுரை

கல்பாத்தி மரபு தொடர்ச்சியை இடுபெயருக்கும் தனித்தன்மையை அழைபெயருக்கும் பகிர்ந்தளித்திருந்தது. பிறப்புப் பதிவு, பள்ளி, கடவுச்சீட்டு ஆகியவை எழுத்தில் மாறாத ஒரு பெயரையே வேண்டுகின்றன. முன்னர் இரு பெயர்கள் தாங்கிய சுமையை இன்று ஒரே பெயர் தாங்கவேண்டியுள்ளது. அரியதும் பொருளுடையதுமான பெயரைத் தேடும் பதற்றத்திற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். தொகுப்பு நூல்கள் இப்பதற்றத்தைத் தீர்ப்பதில்லை. நூலில் அச்சேறிய அரிய பெயர் பலர் கைப்பட்டு விரைவில் பொதுப்பெயராகிவிடுகிறது.

தமிழ்ப் பெயராய்வு இதுவரை கல்வெட்டு, இலக்கியம், ஆவணம் ஆகியவற்றில் எழுதப்பட்ட பெயர்களுக்கே முதன்மை அளித்துள்ளது. அழைபெயர்கள் அழைப்போரின் வாழ்நாளோடு மறைபவை. மாநில எல்லைக்கு அப்பால் வாழும் தமிழரிடையே அவற்றை ஒலிவடிவிலேயே தொகுத்தல் உடனடித் தேவையாகும். ‘விச்சு’ என அழைக்க ஒருவரும் இல்லாதபோது விசுவநாதன் என்னும் பெயர் ஆவணத்தில் எஞ்சும். அதனைத் தமிழாக்கிய வீட்டுவழக்கு எங்கும் எஞ்சாது.